போர்க்களத்தில் பாட்டுக்கு என்ன வேலை?

ஏற்காட்டு நண்பர் ஒருவர் இரண்டு தீர்ப்புகளை எழுதி ஊருக்குள் சுற்றுக்கு விட்டிருக்கிறார். தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' போட்டி மேடையில் கதை சொல்லி, ஆடிப் பாடுவது சங்கீதமே அல்ல, வெறும் கூத்து என்பது ஒன்று. 'அமரன்' போர்ப்படமே அல்ல, பாதிப் படத்தைக் காதலும் பாட்டும் தின்றுவிட்டன என்பது மற்றொன்று. பாட்டில் கதை கூடாது, கதையில் பாட்டு கூடாது, தொட்டால் தீட்டு!

நடுவர்கள் கண்ணைத் துடைப்பதை நாலு கோணத்தில் காட்டி, நடுவே விளம்பரம் போடும் எரிச்சலை எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் பாய்வதோ பாடுகிறவர்கள்மீது. 2018-இல் 'சூப்பர் சிங்கர்' பட்டத்தை வென்ற செந்தில் கணேஷ் கிராமியப் பாடல் மேடைகளில் வளர்ந்தவர். அங்கே யாரும் கையைக் கட்டிக்கொண்டு பாடுவதில்லை.

'அமரன்' விஷயத்துக்கு வருவோம். அந்தப் படத்தின் நாயகனான மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் வீழ்ந்தார். அடுத்த குடியரசு தினத்தில் அவருக்கான அசோகச் சக்கரத்தை வாங்கியவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ். படம் நகர்வதே அவர் நினைவுகள் வழியாகத்தான். மனைவி சொல்லும் கதையில் காதல் ஏன் வந்தது என்று நண்பர் கேட்கிறாரே, துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது மட்டும் கண்விழித்தாரோ என்னவோ.

கலிங்கப் போரைப் பாட வந்த செயங்கொண்டார், கடவுள் வாழ்த்து முடிந்ததும் வாளையா எடுத்தார்? கடைதிறப்பு என்று ஊடிய பெண்களிடம் கதவைத் திறக்கச் சொல்லி நிற்கிறார். காடு, காளி, பேய் எல்லாம் கடந்து கடைசிப் பகுதிகளில்தான் படைகள் மோதுகின்றன. நண்பர் கணக்குப்படி கலிங்கத்துப்பரணியும் தள்ளுபடி.

துணைக்குப் பாட்டில்லாத 'அந்த நாள்' (1954) படத்தை அழைக்கிறார். உலகப் போர்க்காலச் சென்னையில் நடக்கும் கொலைத் துப்பறிதல் அது. களத்தையே காட்டாத படம். எடுத்த எஸ். பாலசந்தர் வீணை வித்துவான். அந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாமென்று விட்டார், ஊருக்கெல்லாம் சட்டம் போடவில்லை. வெள்ளைக்காரன் இப்படி எடுப்பானா என்றும் ஒரு கேள்வி. எடுத்தான். ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) முடிவதே ஒரு பாட்டில்தான். சிறைப்பட்ட ஜெர்மன் பெண் பாடுகிறாள், கேலி செய்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் அழுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? மலையடிவாரத்துச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் எடுத்த 'பர்மா ராணி' (1945), ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படையினரின் கதை. பிரிட்டிஷ் அரசின் போர்ப் பிரசாரத்துக்கான படம். ஃபிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளமே 11,000 அடிக்கு மேல் கூடாது என்றிருந்த காலம். அப்போதும் சுந்தரம் பாட்டில் கை வைக்கவில்லை. கதாநாயகனாகப் போட்டதே பாடகர் ஹொன்னப்ப பாகவதரை!

மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறது. நண்பர் அடுத்தமுறை சேலத்துக்கு இறங்கும்போது, தன் தீர்ப்பை அதன்முன் நின்று ஒருமுறை வாசிக்கட்டும்.