சுவருக்கு வண்ணம் வந்தது, பாட்டுக்கு இடம்?

கண்ணகி நகருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுபவை சுவர்கள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் கைகோத்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் கூரை உயரத்துக்கு ஓவியங்கள் எழச் செய்தன. ஊர்ப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் அதன் பிறகு படம் எடுக்க வந்தார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அந்தச் சுவர்களுக்கு உள்ளே வாழ்பவர்கள் யார்? ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் 2000 முதல் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள். 15,000-க்கும் அதிகமான வீடுகள். லாரியில் பாத்திரம் பண்டம் ஏறியது, அக்கம்பக்கம் ஏறவில்லை. கலை அந்த அக்கம்பக்கத்தில்தான் இருந்தது.

மரணக் கானாவை எடுத்துக்கொள்வோம். சாவு வீட்டு வாசலில் பந்தல், நாலு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, இறந்தவரின் படத்துக்கு மாலை. பாடுபவர் இறந்தவரின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் பாட்டில் கோத்து விடியும்வரை பாடுவார். அவரும் டோலக் அடிப்பவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். ஆளுக்கொரு திசையில் இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினால், அந்தக் கலைக்கு எத்தனை விழா எடுத்தும் பயனில்லை.

யுனெஸ்கோ 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. அதே ஆண்டு உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவைப் பெரிய மேடைக்கு ஏற்றியது. அதில் பாடிய இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். யுனெஸ்கோ தந்த பட்டத்தில் கானா வளர்ந்த வடசென்னைக்கும் பங்கு உண்டு. மயிலாப்பூர் சபாக்களோடு அது முடிந்துவிடக் கூடாது.

பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம் கலைவிழா தொடரட்டும். ஆனால் சில நாள் மேடையை விட, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஓர் அறை கலைஞனுக்கு அவசரத் தேவை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடும் மாநகராட்சி சமூக நலக்கூடங்களை, முகூர்த்தம் இல்லாத நாட்களில் உள்ளூர்க் குழுக்களின் பயிற்சிக்கு இலவசமாகத் தர வேண்டும். அதைவிட முக்கியம், இனி யாரையும் ஊருக்கு வெளியே தூக்கிப் போடாமல் இருப்பது. இருந்த இடத்திலேயே பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டித்தருவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஏற்கெனவே செய்துவரும் வேலைதான், அதுவே விதியாகட்டும்.

பயிற்சிக்கான முதல் கூடத்தைக் கண்ணகி நகரிலேயே திறக்கலாம். பயிற்சி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நேரத்துக்கு, நகரத்துக்குள் போக ஒரு பஸ்ஸும் வேண்டும்.