மணலுக்குள் ஒரு சீமெந்துத் தொட்டி

“என் வளவு, என் காசு. விரும்பினேன், நீச்சல் குளம் கட்டினேன். இப்போது வேண்டாம் என்கிறேன்; மூடுகிறேன். ஊருக்கு இதில் என்ன வேலை?” இப்படிக் கேட்கும் கனவான்களுக்கு மறுமொழி கூறவே இதை எழுதுகிறேன். வேறிடத்தில் இக்கேள்வி ஒருவேளை செல்லுபடியாகலாம். களுவாஞ்சிக்குடியில் செல்லாது.

ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி; இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மணற்பட்டியே நமது எழுவான்கரை. மாரியில் பெய்யும் மழை அம்மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கனவானின் கிணறும் அவருடைய வளவைக் கூட்டும் பெண்ணின் கிணறும் உறிஞ்சுவது அந்த ஒரே படலத்தைத்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு உப்பு விலகி நிற்கும் என்பது நிலத்தடி நீரியல் அறிந்தோரின் கணக்கு. மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழே என்ன நிகழும் என்பதை மாணவரே கணித்துக்கொள்ளலாம்.

2004 திசெம்பர் 26ஆம் நாள் கடல் புகுந்த கிணறுகளை, உப்புப் போகட்டும் என்று யந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தோம். ஆய்வாளர் கண்டது என்ன? இறைப்பினால் பெரும்பயன் இல்லை. பல இடங்களில் அது கேட்டையே விளைத்தது. உப்பைக் கழுவியது மழை. அந்தப் பாடத்தைக் கண்ணீரோடு கற்ற மண்ணிலா பளிங்குக்கல் பதித்த குளம்?

பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம் என்று வையுங்கள்: 75,000 லீற்றர். கச்சான் வீசும் மாதங்களில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் வற்றினாலும், 250 லீற்றர் எவர் உடலையும் நனைக்காமல் ஆவியாகப் போகிறது. குருமண்வெளித் துறையில் ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்குங்கள். படுவான்கரையில் கோடை முற்றினால் தண்ணீர் பவுசருக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் தாய்மாரிடம் இந்த 250 லீற்றரின் பெறுமதியைக் கேளுங்கள்.

“அப்படியானால் பிள்ளைகள் நீந்தக் கற்க வேண்டாமா?” என்று ஒரு தடை எழும். கற்கத்தான் வேண்டும், வாவிக்கும் கடலுக்கும் நடுவே பிறந்த பிள்ளைக்கு அது உயிர்காக்கும் கல்வி. ஆனால் பூட்டிய படலைக்குள் கிடக்கும் குளம் யாருக்கு நீச்சல் கற்பித்தது? 2022 யூலை 9ஆம் நாள் கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்த மக்கள் அங்கிருந்த குளத்தில் குதித்து நீந்தியதை உலகமே கண்டது. அதைக் கண்டு முகஞ்சுழித்த படித்தவர்கள், அவர்களுள் எத்தனை பேருக்கு நீந்த ஒரு பொதுக்குளம் இருந்தது என்று கேட்கவில்லை. அமெரிக்காவின் மொன்ற்கொமறி நகரில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. பூங்காக்களில் நிறபேதம் காட்டலாகாது என்று வழக்கு எழவே, கறுப்பின மக்களோடு ஒரே நீரில் இறங்க மனமில்லாத நகர ஆட்சியினர் 1959இல் பூங்காக்களையே இழுத்து மூடினர். ஓக் பார்க் குளத்தை மண்ணிட்டு நிரப்பினர். பொதுக்குளத்தை மூடுவது மக்கள் சொத்தைப் பறிப்பது. நாம் வேண்டுவது வேறு: வளவுக் குளங்கள் போகட்டும், பிரதேச சபையின் பொறுப்பில், எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் திறந்த, காவலும் ஆசிரியரும் உள்ள ஒரு குளம் வரட்டும்.

மூட முன்வந்த கனவானை வரவேற்கிறோம். ஆனால் ஒழுங்காக மூட வேண்டும். பாதி வற்றவிட்டுப் பாசி பிடிக்க விடுவது நுளம்புப் பண்ணை வைப்பதாகும். 2017இல் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குவால் பீடிக்கப்பட்டதை மறக்கலாகாது. மாரியில் தொட்டியை வெறுமையாக்குவதும் ஆபத்து. நிலத்தடி நீர் உயர்ந்தால், வெற்றுத் தொட்டி தோணி போல மண்ணைப் பிளந்து மிதந்தெழும். ஆகவே கோடையில் தொடங்குக. குளோரின் இடுவதைப் பல நாள் முன்பே நிறுத்தி, வெயிலில் கிடந்த நீரைக் கிணற்றுக்கும் வாவிக்கும் எட்ட, வளவின் மணலிலேயே சிறிது சிறிதாக விடுக. மின்கம்பியையும் குழாயையும் முதலில் துண்டித்துவிட்டு, அலவாங்கால் அடித்தளத்தைப் பல இடங்களில் உடைத்துத் துளையிடுக. சுவரின் மேற்பகுதியை மூன்றடிக்கு இடித்து உள்ளே தள்ளுக. அடியை உடைக்காமல் மேலே மண் போட்டு மறைத்தால், அந்தத் தொட்டி மாரிதோறும் நீரைத் தேக்கி வளவைச் சேறாக்கும்.

நிரப்ப மண் எங்கிருந்து வரும்? இதுவே எவரும் கேட்காத கேள்வி. குழி தோண்டியபோது எழுந்த மணல் எங்கேயோ போய்விட்டது. இப்போது படுவான்கரை ஆற்றங்கரையை அகழ்ந்து ‘டிப்பர்’ ஏற்றி வந்தால், ஒரு பணக்காரக் குழியை அடைக்க ஓர் ஏழைக் குழி தோண்டப்படுகிறது. இடித்த கற்களையே முதலில் இடுக. ஊரில் வேறு கட்டடம் இடிபடும்போது கிடைக்கும் சுத்தமான கல்லையும், அத்திவாரம் வெட்டும் இடத்து மணலையும் சேர்த்து, அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டையால் இறுக்குக. ஓரிரு மாரி பெய்து மண் அமரும்வரை அதன்மேல் சுவர் எழுப்பாமல் விட்டால், அங்கே விழும் மழை பழையபடி கீழிறங்கி, அயல் வளவுக் கிணற்றுக்கும் போய்ச் சேரும்.