துயிலும் மருந்தும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனையும் மக்கட்கு இன்றியமையாதன என எண்ணுவோர் துயிலினை அவற்றோடு சேர்த்து எண்ணுவதில்லை. அது விலை கொடாமலே வருவதாதலின், அதன் அருமை அதனை இழந்தவர்க்கன்றிப் பிறர்க்குப் புலப்படாது. தேர்வுக்கு முந்திய இரண்டோர் இரவு கண் விழித்திருத்தலை யாம் ஈண்டுக் கருதவில்லை. வாரத்தில் மூன்றிரவேனும், மூன்று திங்களுக்குக் குறையாமல், படுத்தும் துயில் வாராமலோ, இடையில் விழித்தபின் மீண்டும் கண் அயராமலோ வருந்தி, அதனாற் பகற்பொழுதிலும் தளர்வுறுவோர் உளர். அன்னாரையே நாட்பட்ட துயிலின்மை உடையார் என இக்கால மருத்துவ நூலார் வகுப்பர்.

அத்தகையார் ஒருவர் தம் குறையை வாய்விட்டு உரைத்தாற் போதும்; கேட்டார் அனைவரும் அக்கணமே வைத்தியராகிவிடுவர். சூடான பசும்பாலிற் சாதிக்காய்த் தூள் என்பார் ஒருவர். கசகசாவை அரைத்துக் குடி என்பார் மற்றொருவர். அமுக்கராச் சூரணமே கைகண்டது என்பார் பிறிதொருவர். மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். அவர் வலேரியன் என்னும் பூண்டின் வேரை நாடுவர். இவையெல்லாம் இயற்கைப் பொருள்கள், ஆதலின் பயன் தராவிடினும் தீங்கு செய்யா என்பது இவர் துணிபு. இத்துணிபினையே யாம் மறுக்கின்றோம்.

சாதிக்காயை எடுத்துக்கொள்வோம். சிட்டிகையளவு பாலிற் கலந்தால் அது மணம் தரும். அதனினும் மிகுதியாக ஒன்றும் செய்யாது. ஆயின் அதனுள் மிரிஸ்டிசின் என்னும் பொருள் ஒன்று உளது. இரண்டு தேக்கரண்டியளவு தூள் உட்சென்றால் குமட்டலும், வாய் வறட்சியும், நெஞ்சுப் படபடப்பும், அறிவு மயக்கமும் உண்டாகும். எம் விடுதி நண்பர் ஒருவர் சிட்டிகையிற் பயன் காணாது நாடோறும் அளவைக் கூட்டிக்கொண்டே சென்று, ஒரு நாள் வகுப்பிற்கு வாராது படுக்கையிலேயே கிடந்தார். அறையில் உடனிருந்தோர் அவர் உறங்குகின்றார் என்றே எண்ணினர். அவர்க்கோ சுவர்கள் அசைந்துகொண்டிருந்தன!

அமுக்கராவின் நிலை சற்று வேறு. அதன் தாவரநூற் பெயரிலேயே 'துயில் தருவது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அமைந்துள்ளது. சிறு பயன் உண்டெனக் காட்டும் ஆய்வுகளும் சில உள. ஆனால் அதனை உண்டாருள் சிலர்க்கு ஈரல் கெட்டதும் மெய்யே. டென்மார்க்கு அரசாங்கம் 2023ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது. வலேரியனைத் துயிலின்மைக்கு வழங்காதிருத்தலே நன்றென அமெரிக்கத் துயில் மருத்துவ அறிஞர் கழகத்தார் 2017இல் கருத்துரைத்தனர்.

எம் பாட்டிமார் கூறும் முறைகளுள் யாம் கைவிட விரும்பாதது வெந்நீர் முழுக்கு ஒன்றே. படுக்கைக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னர் வெதுவெதுப்பான நீரிற் குளித்தால் கைகால்களின் குருதிக் குழாய்கள் விரியும். உள்ளுடலின் வெப்பம் அவ்வழியே வெளியேறித் தணியும். அத்தணிவே துயிலுக்கு வாயில். ஆயினும் அது சில நிமிஷம் முன்னதாகக் கண்ணை மூடச் செய்யுமேயன்றி நாட்பட்ட நோயைத் தீர்த்துவிடாது.

அங்ஙனமாயின் தீர்ப்பது யாது? அமெரிக்க வைத்தியர் கல்லூரியார் 2016ஆம் ஆண்டில், மாத்திரைகளுக்கு முன்னதாகவே கையாளத்தக்கது பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் முறையே என அறிவித்தனர். இதன் ஒரு கூற்றினை 1972இல் வகுத்தவர் ரிச்சர்டு பூட்சின் என்பார். துயில் வந்தாலன்றிப் படுக்கைக்குச் செல்லலாகாது. சென்றும் வாராதேல் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, கண் சொருகும்போதே மீளல் வேண்டும். எந்நேரம் உறங்கினும் விடியலில் ஒரே நேரத்தில் எழுதல் வேண்டும் என்பன அவர் விதிகள். மற்றொரு கூற்றினை 1987இல் வெளியிட்டவர் ஆர்தர் ஸ்பீல்மன். எட்டு மணி நேரம் படுத்து ஆறு மணியே துயில்பவர் ஆறு மணியளவே படுக்கையில் இருத்தல் வேண்டும். அக்காலத்தில் நூற்றுக்கு 90 பங்கு துயிலாகக் கழிந்தபின் 15 நிமிஷம் கூட்டிக்கொள்ளலாம். துயில் இல்லாதவனை நோக்கி இன்னும் குறைவாகப் படு என்பது கொடுமையாகத் தோன்றும். ஆயின் விழித்திருக்கும் காலம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் பொருள் மிகுந்து துயில் வேட்கையும் மிகும் என்பதை அறிந்தார்க்கு இதன் நுட்பம் விளங்கும். வலிப்பு நோயுடையாரும் வண்டி ஓட்டுவாரும் இதனை வைத்தியர் துணையின்றி மேற்கொள்ளலாகாது.

வேரும் காயும் வேண்டாத இம்முறையினும் இயற்கையானது வேறென்ன உளது? பாரசீக மன்னன் அகாஸ்வேரு துயில் வாராத இரவிலே தன் நாளாகமப் புத்தகத்தைக் கொணர்ந்து வாசிக்கச் செய்தான் என எஸ்தர் நூல் கூறும். அவன் மருந்து கேட்டதாக அந்நூலில் இல்லை.

யாம் மிகவும் அஞ்சுவது பிறிதொன்று. துயிலின்மை பல வேளைகளிற் பிறிதொரு நோயின் நிழலாக நிற்பது. உரத்த குறட்டையும் மூச்சுத் தடையும் அதற்குக் காரணமாகலாம். நெடுநாட் சோர்வும், வாழ்விற் பற்றின்மையும் காரணமாகலாம். இவற்றை உள்ளே மறைத்துவைத்துக்கொண்டு இரவுதோறும் ஒரு குவளைப் பாலால் ஆற்றிக்கொள்ள முயலும் மாணாக்கர் நம்மிடையே இலர் என எவர் கூறவல்லார்? பால் குடிப்பது எளிது. ஆசிரியரிடத்தோ வைத்தியரிடத்தோ சென்று 'என் மனம் நலமாக இல்லை' என்பது அரிது. அவ்வரிய செயலைத் தள்ளிப்போட உதவுவதாலேயே வீட்டு மருந்து கேடாகின்றது.

விடுதித் தலைவர்கட்கும் ஒரு விண்ணப்பம். தேர்வுக் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு அடுக்களையிற் காப்பி வழங்குவதை நிறுத்துங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழிந்த பின்னும் அதன் சத்திற் பாதி உடலில் நிற்கும். அஃதாவது அக்காப்பி பின்னிரவு இரண்டு மணிக்கும் நம்முடன் விழித்திருக்கும். காலை மணியை விடுமுறை நாளிலும் அடிக்கச் சொல்லலாம். எம் நண்பர் எம்மீது சினப்பர், ஆயினும் சொல்கின்றோம். காலை வெயிலில் முற்றத்தில் அரைமணி நடப்பது உடலின் நாழிகை வட்டிலைத் திருத்தும். கைப்பேசியை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னால் எவரும் கேளார்; தலையணையினின்றும் அப்பாலாவது வைக்கட்டும்.

நண்பர்காள்! துயில் வாராதாரைக் காலையிற் கண்டவுடன் 'நேற்று உறங்கினீரா?' என வினவாதீர்கள். நாளை இவ்வினாவிற்கு விடை கூறவேண்டுமே என்னும் எண்ணமே அவரை அன்றிரவும் விழித்திருக்கச் செய்யும். அவரை உடனழைத்துக்கொண்டு முற்றத்திற்கு நடவுங்கள். வேறு ஏதேனும் பேசுங்கள்.