கடற்கரைக்கும் விடுமுறை வேண்டும்!



பள்ளிக்கு விடுமுறை உண்டு. அலுவலகத்துக்கு உண்டு. ஒரு கடற்கரைக்கு விடுமுறை விட்டால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறதல்லவா? தாய்லாந்து நாட்டில் அப்படி ஒரு கடற்கரை இருக்கிறது. மாயா விரிகுடா என்று அதற்குப் பெயர். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய இரண்டு மாதங்கள் சுற்றுலாப் பயணிகள் அங்கே கால் வைக்கக் கூடாது. அது மட்டுமல்ல. 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி மூடியவர்கள், 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிதான் திறந்தார்கள். இடையில் மூன்றரை ஆண்டுகள்!

"கடலை மூட இவர்கள் யார்? கடல் எல்லோருக்கும் பொதுதானே?" என்று கேட்டவர்கள் உண்டு. மூடியது சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அந்தமான் தீவுகளில் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்தினால் தாய்லாந்தின் மேற்குக் கரை வரும். நடுவில் இருப்பது அந்தமான் கடல். அந்தக் கரைக்குச் சற்றுத் தள்ளி, கிராபி மாகாணத்தைச் சேர்ந்த பீ பீ தீவுகள் இருக்கின்றன. பெரிய தீவு பீ பீ டான். அங்கே ஊர், கடைத்தெரு, தங்கும் விடுதி எல்லாம் உண்டு. அதற்குத் தெற்கே இருக்கும் சிறிய தீவு பீ பீ லே. அதில் ஊர் கிடையாது, விடுதி கிடையாது. (ஒரு பெரிய குகையில் உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டைச் சூப் வைக்க நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்! எனவே கூடு எடுப்பவர்களுக்கு மட்டும் அந்தக் குகையில் வேலை உண்டு.)

இந்தச் சிறிய தீவில்தான் மாயா விரிகுடா இருக்கிறது. மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் மலை சுவர் போல நேராக எழுந்து நிற்கும். சுமார் 100 மீட்டர் உயரம். நடுவில் ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்தது போலப் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். ஓரத்தில் வெள்ளை மணல். சாலை கிடையாது, பாலம் கிடையாது. படகு ஒன்றே வழி.

படகில்தான் போக முடியும் என்றால் கூட்டம் வராது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். அங்கே நடந்தது வேறு.

1999இல் ஒரு ஹாலிவுட் படக்குழு வந்தது. 'தி பீச்' என்ற படம். 'டைட்டானிக்'கில் நடித்த லியோனார்டோ டிகாப்ரியோதான் கதாநாயகர். கடற்கரை இன்னும் 'அழகாக' இருக்க வேண்டும் என்று மணல் மேட்டை மாற்றினார்கள், தென்னை மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2000இல் படம் வெளிவந்தது. பெரியவர்களுக்கான படம், நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. யாருக்கும் தெரியாத கடற்கரை ஒன்றை, வெளியே சொல்லாமல் ஒளித்து வைத்துக்கொள்ள விரும்பும் மனிதர்களின் கதை அது! படத்தைப் பார்த்த உலகமோ, "அந்த இடம் எங்கே? நாமும் போவோம்" என்று கிளம்பிவிட்டது.

மூடுவதற்கு முந்தைய ஆண்டுகளில், கூட்டம் மிகுந்த நாட்களில் 5,000 பேருக்கு மேல் வந்தார்கள். படகுகள் சுமார் 200. கடற்கரையின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 250 மீட்டர்தான். உங்கள் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஒரு முறை ஓடினால்கூட அதைவிட அதிக தூரம் ஓடியிருப்பீர்கள். அதில் 5,000 பேர் நின்றால் மணல் எங்கே தெரியும்?

ஆனால் குழந்தைகளே, பெரிய சேதம் நடந்தது கரையில் அல்ல, தண்ணீருக்கு அடியில்.

அந்த விரிகுடாவின் அடியில் பவளப்பாறைகள் இருந்தன. பெயரில்தான் பாறை. உண்மையில் அது உயிருள்ள குடியிருப்பு. சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல் நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த உயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கும். அவை சூரிய ஒளியில் உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கும். வாடகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையான பவளப்பாறை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். கிளை கிளையாக வளரும் வகை கொஞ்சம் வேகம்.

இப்போது ஒரு படகு வருகிறது. நங்கூரத்தைத் தூக்கி எறிகிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்தது ஒரு நொடியில் உடைகிறது. ஆழம் குறைந்த இடத்தில் என்ஜின் விசிறி சுழன்று அடிமணலைக் கிளப்பிவிடுகிறது. தண்ணீர் கலங்கினால் வெளிச்சம் உள்ளே போகாது. வெளிச்சம் இல்லையென்றால் பாசிக்குச் சமையல் இல்லை, பவளத்துக்குச் சாப்பாடு இல்லை. போதாதென்று, வெயிலுக்காக உடம்பில் பூசிக்கொள்ளும் சன் ஸ்கிரீன் களிம்பும் கடலில் கரைகிறது. பவளத்துக்குக் கெடுதல் செய்யும் நான்கு ரசாயனங்கள் கலந்த களிம்புகளைத் தன் தேசியப் பூங்காக்களில் பயன்படுத்தக் கூடாது என்று 2021இல் தாய்லாந்து தடை போட்டது.

2018இல் மூடியபோது நான்கு மாதம்தான் என்று சொன்னார்கள். பார்த்தால், நான்கு மாதத்தில் ஆறுகிற புண்ணாக அது இல்லை. எனவே காலவரையின்றி நீட்டித்தார்கள். ஆட்கள் கடலுக்குள் இறங்கி, பவளத் துண்டுகளைச் செடி நடுவது போல அடியில் பதித்தார்கள்.

அப்போதுதான் அந்த விருந்தாளிகள் திரும்பி வந்தார்கள். யார்? சுறாக்கள்! பயப்பட வேண்டாம். துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்தது போலக் கறுப்பாக இருக்கும் ஒரு வகைச் சுறா. வளர்ந்தால் ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். மனிதர்களைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். இது முட்டை இடாது, குட்டி போடும். பிறக்கும்போது குட்டி ஒரு முழ நீளம் இருக்கும். பெரிய மீன்கள் வந்து விழுங்கிவிடாமல் இருக்க, ஆழம் குறைந்த அமைதியான இடம்தான் குட்டிகளுக்குப் பாதுகாப்பு. மாயா விரிகுடா அவற்றுக்குத் தொட்டில் போல. அந்தத் தொட்டிலில் 200 படகுகள் ஓடினால் அவை எங்கே போகும்? கூட்டம் நின்றதும், வாட்ச்மேன் இல்லாத வீட்டுக்குள் பூனை வருவது போல மெல்ல மெல்ல வந்துவிட்டன.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பீ பீ தீவுகளின் படகோட்டிகளை நினைத்துப் பாருங்கள். பின்னால் நீண்ட கம்பியில் என்ஜின் விசிறி பொருத்திய மரப்படகு அவர்களுடையது. அதனால் அதை நீள்வால் படகு என்பார்கள். படகின் முகப்பில் காவல் தெய்வத்துக்காக வண்ண வண்ணத் துணிகளைக் கட்டியிருப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைத் தாக்கிய அதே சுனாமி, பீ பீ டான் ஊரையும் சூறையாடியது. எல்லாவற்றையும் இழந்தவர்கள், சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் மறுபடி எழுந்தார்கள். அவர்களிடம் போய், "உங்கள் ஊரின் பெயர் பெற்ற இடத்தை மூடிவிட்டோம்" என்றால் கோபம் வராதா? கட்டாயம் வரும்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. எத்தனை நாள்? 61. மாயா விரிகுடாவின் விடுமுறை ஆகஸ்ட் 31 நாள், செப்டம்பர் 30 நாள். கூட்டிப் பாருங்கள், அதுவும் 61! இரண்டுக்கும் தொடர்பு இல்லை, எண்தான் பொருந்தி வந்திருக்கிறது. ஆனால் நம் மீனவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தடை வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. தடைக்கால நிவாரணம் போதவில்லை என்பார்கள், சரியான நேரத்தில் கொடுங்கள் என்பார்கள். நான் பீ பீ தீவுக்காரர்களுக்காகக் கேட்பதும் இதைத்தான். கடற்கரைக்கு விடுமுறை விடுங்கள். அந்த நாட்களில் படகோட்டியின் வீட்டில் உலை கொதிக்கவும் வழி செய்யுங்கள். பூங்காவுக்குள் நுழையப் பயணிகளிடம் கட்டணம் வாங்குகிறார்கள் அல்லவா? அதில் ஒரு பங்கை ஒதுக்கினால் என்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டும் செப்டம்பரும் அங்கே மழைக்காலம். விரிகுடாவின் வாய் மேற்கே திறந்திருப்பதால் அலையும் அதிகம், வருகிறவர்களும் குறைவு. ஆக, மூடுவதற்கு மிகவும் சுலபமான மாதங்களாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறார்கள்!

திறந்த பிறகு விதிகள் மாறிவிட்டன. விரிகுடாவுக்குள் படகு வரக் கூடாது. தீவின் பின்பக்கம் லோ சாமா என்ற இடத்தில் மிதக்கும் படகுத்துறை கட்டியிருக்கிறார்கள். அங்கே இறங்கி, மரப்பலகைப் பாதையில் நடந்து வர வேண்டும். கடலில் நீந்தக் கூடாது, முழங்கால் வரை நனைத்துக்கொள்ளலாம். ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரம், ஒரே சமயத்தில் 375 பேர் என்று அளவும் வைத்தார்கள்.

375 என்பது குறைவாகத் தெரிகிறதா? பத்து மணி நேரம் திறந்திருந்தால் பத்துக் குழு. பெருக்குங்கள். 3,750 பேர்! பழைய 5,000க்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லையே? பின் எப்படிச் சுறா திரும்பியது? எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, எப்படி வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. நங்கூரம் விழாமல், விசிறி சுழலாமல் இருந்தால் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. இருந்தாலும் 250 மீட்டர் மணலில் ஒரே சமயத்தில் 375 பேர் என்பது கோவில் திருவிழாக் கூட்டம்தான். அதை 200 ஆக்கினால் நான் கைதட்டுவேன். போகிறவர்களுக்கும் நல்லது. தனிமையான தீவு என்று கேள்விப்பட்டுக் கடல் கடந்து வந்தவர், அங்கேயும் வரிசையில் நின்றால் என்ன சுகம்?

உங்களில் யாரேனும் பெரியவர்களாகி அங்கே போகக்கூடும். போனால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். காலையில் முதல் குழுவோடு போய்விடுங்கள். மணலில் அசையாமல் நின்று, கரையோரத் தண்ணீரைக் கவனியுங்கள். கறுப்பு நுனித் துடுப்பு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால், சத்தம் போடாமல் பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டுங்கள்.