வேம்புக்கு வருடாந்திர மொட்டை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அன்று பிடித்த பயம் பல வீடுகளில் இன்னும் விடவில்லை. ஐப்பசி பிறந்தால் அரிவாளோடு ஆள் வந்துவிடுகிறார். வாசல் வேம்பு மொட்டைக் கம்பமாகிறது.

பலனோ தலைகீழ். வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருக்கும். பெருத்ததும் காற்றில் முதலில் முறிபவை அவைதான்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவது? அது மரத்தைப் பொறுத்தது. பி.கே.எம்.1 முருங்கையை ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டலாம். மாமரத்தில் காய்ப்பு ஓய்ந்தபின் காய்ந்த, உரசும் கிளைகளை எடுத்தால் போதும். வளர்ந்த வேம்புக்கு மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறையே தாராளம். தென்னையில் பச்சை மட்டையைத் தொடவே கூடாது (அழகுக்காகச் சீவுபவர்கள் காய்ப்பைத்தான் இழக்கிறார்கள்).

பட்டுப்போன கிளைக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டியதில்லை. மின்கம்பியை ஒட்டியிருந்தால் ஏணி போடாமல் மின்வாரியத்தை அழைப்பதே சரி.