ஆலை பெயரும் கணக்கில் தொழிலாளி எங்கே?

"இங்கே கட்டுபடியாகாது. வரி குறைந்த ராஜ்யமாகப் பார்த்துப் போய்விடுவோம்."

பாலாற்றங்கரைத் தோல் முதலாளிமார் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கூலி உயர்வு கேட்டால் இந்தப் பேச்சு. வாணியம்பாடியில் கழிவு நீரைச் சுத்தம் செய்யச் சொன்னால் இந்தப் பேச்சு. 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்கின் மீது 50 சதவிகித வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பி வாழும் இந்த வட்டாரத்துக் குடும்பங்களின் வயிற்றில் புளி கரைந்தது. ஆலை நிற்குமா, போகுமா என்ற கேள்வி தேநீர்க் கடைதோறும் எழுந்தது.

ஆலை ஓரிடம் விட்டு ஓரிடம் போவது உலகத்தில் புதிதல்ல. போக நினைக்கும் முதலாளி மூன்று விஷயங்களைத் தராசில் வைக்கிறார்: வரி, கட்டணம், சீதோஷ்ணம். அந்தத் தராசில் அவர் வைக்காமல் விடுவது ஒன்று உண்டு. அது தொழிலாளியின் வாழ்க்கை. இந்தக் கணக்கை ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலித் தோழர்களும் வரி வரியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமது கருத்து.

வரி

2003 ஜனவரியில் மத்திய சர்க்கார், உத்தராஞ்சலுக்கும் இமாசலப் பிரதேசத்துக்கும் பெரிய சலுகை ஒன்றை அறிவித்தது. அங்கே புதிதாக ஆலை வைத்தால் 10 ஆண்டுகளுக்கு எக்சைஸ் வரி கிடையாது. முதல் 5 ஆண்டுகளுக்கு வருமான வரி முழுவதும் தள்ளுபடி. அடுத்த 5 ஆண்டுகளுக்குக் கம்பெனிகளுக்கு 30 சதவிகிதம் தள்ளுபடி. இமாசலத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் கிராமவாசிகள். அப்படிப்பட்ட ராஜ்யங்களின் மலையடிவாரத்தில் ஆலைகள் வரிசையாக முளைத்தன. முதலாளிகளை அங்கே இழுத்தது வரிச் சலுகை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ராஜ்ய சர்க்கார்கள் தம் விருப்பப்படி வரி விகிதத்தைக் குறைக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டது. போட்டி நின்றுவிடவில்லை. கட்டிய வரியைத் திருப்பிக் கொடுப்பது, முதலீட்டில் ஒரு பங்கை மானியமாகக் கொடுப்பது, மலிவு நிலம், மலிவு மின்சாரம் என்று வேறு உருவம் எடுத்தது. பீகார் சர்க்கார் 2022ல் ஜவுளிக்கும் தோலுக்கும் என்றே தனிக் கொள்கை வெளியிட்டது. மூலதன மானியம் 10 கோடி ரூபாய் வரை. மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 ரூபாய் மானியம். தொழிலாளி ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வரை கூலி மானியம். அதாவது, முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சர்க்கார் கஜானா சுமக்கும்.

தமிழ்நாடு சர்க்காரும் அதே 2022ல் காலணிக்கும் தோல் பொருளுக்கும் கொள்கை வெளியிட்டது. 20,000 கோடி ரூபாய் முதலீடு, 2 லட்சம் பேருக்கு வேலை என்று குறி வைத்தது. பெரம்பலூர், ஜெயங்கொண்டம், உளுந்தூர்ப்பேட்டை, பனப்பாக்கம் ஆகிய கிராமப்புற வட்டாரங்கள் ஷூ ஆலைகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டன.

வேலையில்லாத கிராமத்துக்கு ஆலை வருவதை நாம் எதிர்க்கவில்லை. பெரம்பலூர்க் கூலிப் பெண்ணுக்கும் வேலை வேண்டும். பீகார் கிராமத்து இளைஞனுக்கும் வேலை வேண்டும். நாம் கேட்பது வேறு. இந்தச் சலுகைப் பணம் யாருடையது? சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டும் ஜனங்களுடையது. அந்தப் பணத்தைக் கொடுக்கும்போது எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன கூலியில் வேலை என்று எழுதி வாங்க வேண்டாமா? சலுகைக் காலம் முடிந்த மறுநாள் வேறு ராஜ்யத்துச் சலுகையைத் தேடி ஓடினால், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டாமா?

கட்டணம்

அடுத்தது, கழிவு நீருக்குக் கட்டும் கட்டணம். பச்சைத் தோலைப் பதனிட உப்பு வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், குரோம் வேண்டும். எல்லாவற்றையும் கழுவித் தள்ளத் தண்ணீர் வேண்டும். பல ஆண்டுகளாக அந்தத் தண்ணீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் கலந்தது. கிணறுகள் உப்பாயின. தென்னை காய்ந்தது. நெல் விளைந்த நிலம் தரிசானது.

1996 ஆகஸ்ட் 28ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கோர்ட்டு கூறிற்று. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் அமைப்பு ஏற்பட்டது. அது 2001ல் 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் ஈடு என்று கணக்கிட்டது. 2025 ஜனவரி 30ல் சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் தலையிட வேண்டியதாயிற்று. பாக்கி ஈட்டுத் தொகையைச் சர்க்கார் 6 வாரத்துக்குள் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன!

ஈட்டை நிலத்தின் பரப்பை வைத்து மதிப்பிட்டார்கள். சரி. நிலமே இல்லாமல், அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த கூலிக் குடும்பம் இழந்த வேலை நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கழிவு நீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்ட வேண்டும். மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகம். அதைத்தான் முதலாளிமார் சுமை என்கிறார்கள். கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் சிறிய தோல் ஷாப்புக்காரருக்கு அது பாரம்தான். அவருக்குச் சர்க்கார் கை கொடுக்கட்டும். ஆனால் இந்தச் செலவு புதிதாக முளைத்ததல்ல. முன்னே இதே செலவை விவசாயி தன் கிணற்றிலும் கூலிக்காரன் தன் வயிற்றிலும் கட்டி வந்தார்கள். இப்போது அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது.

ஆலை போனால் அழுக்கும் கூடப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயன ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. முதலீடு போயிற்று, வேலை போயிற்று. ஏறத்தாழ 2 லட்சத்து 27 ஆயிரம் டன் குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது.

சீதோஷ்ணம்

தோல் தொழில் ஏன் இந்தப் பிரதேசத்தில் வேரூன்றிற்று? பாலாற்று மணலில் ஊற்றுத் தண்ணீர் இருந்தது. பட்டை உரிக்க ஆவாரஞ்செடி இருந்தது. தோலை உலர்த்த வேலூர் வெயில் இருந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856லேயே ரயில் ஓடிற்று. சேரியிலும் மொகல்லாவிலும் மலிவான கைகள் இருந்தன.

பதனிடும் தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. தண்ணீர் வேண்டும், கழிவுக்கு வழி வேண்டும். தையல் மெஷினை ஒரே இரவில் ஏற்றிவிடலாம். அதிலும் இன்று தோல் இல்லாத ரப்பர், துணி ஷூக்களுக்கு உலகச் சந்தையில் கிராக்கி. அவற்றுக்குப் பாலாறு தேவையில்லை. ஆகையால் இடம் பெயரும் அபாயம் முதலில் யாருக்கு? மெஷின் முன் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண் தொழிலாளருக்கு!

முதலாளிமார் தேடும் சீதோஷ்ணம் வேறு ஒன்றும் உண்டு. "முதலீட்டுக்கு உகந்த சூழ்நிலை" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மழை, வெயில் பேச்சு இல்லை. சங்கக் கொடி பறக்காத வாசல், கேள்வி கேட்காத கைகள், கேட்காமல் மூடும் உரிமை ஆகியவைதான் அந்தச் சூழ்நிலை. 100 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூடச் சர்க்கார் அனுமதி வேண்டும் என்று முன்பு சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக உயர்த்திவிட்டது. 290 பேர் வேலை செய்யும் ஷூ கம்பெனி மூடுவதற்கு இப்போது அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உலகத்தைப் பாருங்கள். தென் கொரியாவின் பூசான் நகரம் ஒரு காலத்தில் உலகத்துக்கே ஷூ தைத்தது. 1987ல் கொரியத் தொழிலாளர்கள் பெரும் போராட்டம் நடத்திக் கூலியை உயர்த்தினார்கள். ஷூ முதலாளிகள் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் பெயர்ந்தார்கள். சீனாவில் கூலி ஏறியதும் வியட்நாமில் ஆலைகள் பெருகின. இன்று தைவான் ஷூ கம்பெனிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கால் வைத்திருக்கின்றன. இங்கே கூலி ஏறினால் அடுத்த ஊர் எதுவோ? ஓரிடத்துத் தொழிலாளி மட்டும் எழுந்து நின்றால் ஆலை ஓடுகிறது. போகும் இடத்திலும் தொழிலாளி எழுந்து நின்றால் ஓடிப் பயனில்லை. ஆகவே பீகார்த் தொழிலாளியின் கூலி உயர்வு ஆம்பூர்த் தொழிலாளியின் சொந்த விஷயம்.

நம்முடைய கணக்கு

ஆலையைத் தொடர்ந்து தொழிலாளியும் போகலாமே என்பார்கள். போகிறவன் கணக்கைப் பார்ப்போம். புதிய ஊரில் வீட்டுக்கு அட்வான்ஸ். தோல் வேலைக்காரன் என்று தெரிந்தால் ஜாதி கேட்டு வீடு மறுக்கும் கொடுமை. பாஷை தெரியாத பள்ளியில் பிள்ளைகள். ரேஷன் அட்டைக்கு வேறு ராஜ்யத்தில் மத்தியத் தொகுப்பு தானியம் கிடைத்தாலும், நம் ராஜ்ய சர்க்கார் தரும் பருப்பும் பாமாயிலும் கிடைக்காது. பல ஆண்டு சர்வீஸ் ஒரே கையெழுத்தில் பூஜ்யமாகிவிடும்.

1979ல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தில், கான்ட்ராக்டர் மூலம் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போகும் தொழிலாளிக்கு மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. புதிய சட்டத் தொகுப்பில் அந்தப் படி இல்லை. இடம் பெயரும் முதலாளிக்குக் கோடிக்கணக்கில் மானியம். இடம் பெயரும் தொழிலாளிக்கு இருந்த பாதி மாதக் கூலியும் ரத்து!

ஆலை பீகாரைத் தேடுகிறது. பீகாரிலும் வங்காளத்திலும் இருந்து தொழிலாளர்கள் பாலாற்றங்கரைக்கு வருகிறார்கள். அவர்களை நம் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று நினைப்பது தவறு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்த 10 பேர் அந்தக் கழிவுச் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். தங்க நல்ல இடம் கொடுத்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

தொழிலாளியையும் கணக்கில் எழுத முடியுமா? எழுத முடியும் என்பதற்குத் தோல் தொழிலிலேயே சாட்சி உண்டு. 1996 டிசம்பரில் கல்கத்தாத் தோல் ஷாப்புகளை நகரத்துக்கு வெளியே பெயர்க்க சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கூடவே தொழிலாளிக்கும் வழி சொல்லிற்று: புதிய இடத்தில் வேலை தொடர வேண்டும், மூடியது முதல் மீண்டும் திறப்பது வரை முழுக் கூலி, கூடப் பெயரும் தொழிலாளிக்கு ஓராண்டுக் கூலி இடமாற்ற போனஸ். கோர்ட்டு உத்தரவில் பெயர்ந்தவர்களுக்குப் பொருந்தும் இந்த நியாயம், இலாபத்துக்காகத் தாமே பெயருகிறவர்களுக்கு ஏன் பொருந்தாது?

ஆகவே நாம் கேட்பவை:

1. சலுகை வாங்கும் ஆலை எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டு வேலை என்று ஒப்பந்தம் எழுத வேண்டும். மீறினால் பணத்தை வட்டியோடு கட்ட வேண்டும்.

2. பெயரும் ஆலைத் தொழிலாளருக்குக் கல்கத்தா உத்தரவில் கண்ட உரிமைகளைச் சட்டமாக்க வேண்டும். போக முடியாதவருக்கு நஷ்ட ஈடு, கிராஜுவிட்டி, பி.எப். பாக்கி எல்லாம் தீர்த்த பிறகே மெஷின் வாசலைத் தாண்ட வேண்டும்.

3. மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யும் செலவை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஈட்டுக் கணக்கில் நிலமற்ற கூலிக் குடும்பங்களும் ஏற வேண்டும்.

4. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் எவரானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. தொட்டிக்கும் கொதிகலனுக்கும் தூரமாகத் தங்கும் வீடு.

தோழர்களே! இவை கேட்டதும் கிடைத்துவிடா. அதுவரை கையில் செய்ய வேண்டிய காரியமும் உண்டு. மாதந்தோறும் பி.எப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். கான்ட்ராக்டர் பெயரை மாற்றி மாற்றி எழுதி உங்கள் சர்வீசை முறிக்கிறாரா என்று கவனியுங்கள். பக்கத்து மெஷினில் இருப்பவருக்கும், இந்தி பேசும் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். சங்கத்தில் சேருங்கள். லாரி வாசலுக்கு வந்து நின்ற பிறகு கணக்குக் கேட்பது கடினம். இன்றே கேட்கத் தொடங்குவோம்!