இருவீச்சு எஞ்சினும் ஏட்டுக் கல்வியும்

நூல் கற்றோரே கற்றோர் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவன் நான். கரி படிந்த கையும் புலமையின் அடையாளமாகலாம் என்பது, தமிழாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு விளங்கிற்று. விளக்கியது பழைய மொபெட் ஒன்றின் சிறிய எஞ்சின். மாணவர் ஒவ்வொருவரும் பள்ளியை விட்டு நீங்குமுன், சிறியதோர் எஞ்சினையேனும் தம் கையாற் பிரித்துப் பூட்டிப் பழகுதல் வேண்டும் என்பது இன்று என் துணிபு.

1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வண்டி விற்பனைக்கு வந்த பின்னர், பாற்குடமும் வாழைத்தாரும் மொபெட்டின்மேற் செல்வது நம் சிற்றூர்களில் அன்றாடக் காட்சியாயிற்று. இத்தகைய வண்டிகளில் அமைந்தது இருவீச்சு எஞ்சின். பட்டறையில் அதனை ‘டூ ஸ்ட்ரோக்’ என்பர். பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் அதன் தொழில் முழுதும் முடிந்துவிடும். மேலேறும் பிஸ்டன், தனக்கு மேலுள்ள பெட்ரோற் கலவையை அழுத்தும். அப்பொழுதே கீழறைக்குள் புதிய கலவை புகும். பிளக்கில் பொறி பறந்ததும் மேலுள்ளது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். இறங்கும் பிஸ்டன், முதலிற் புகை போகும் துளையைத் திறக்கும். பின்னர் வேறொரு துளை வழியே புதிய கலவையை மேலே அனுப்பும். வால்வு என்று தனியே ஒன்று இல்லை. பிஸ்டனே கதவுமாகும்.

கீழறையையே பம்பாகக் கொள்ளும் இம்முறையை 1890களின் தொடக்கத்தில் அமைத்தவர் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே என்பார். ஆனால், பிஸ்டனின் பக்கச் சுவராலேயே கலவை புகும் துளையையும் திறந்து மூடலாம் என்று கண்டு, வால்வுகளை அறவே நீக்கியவர் அவருடைய பட்டறைத் தொழிலாளராகிய பிரெடெரிக் காக். முதலாளியின் பெயர் அறிந்தோருள்ளும் இவர் பெயர் அறிந்தோர் சிலரே.

இனி என் வண்டியின் கதைக்கு வருவோம். ஒருநாள் அது வழியில் இறுகி நின்றது. பட்டறை ஒன்றிற் புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டுத் தந்தனர். இரண்டே திங்களில் மீண்டும் இறுகிற்று. ஆறிய பின் சுழன்றதாயினும், உதைத்தால் எதிர்ப்பே இல்லை. பழைய இரும்புக்கு எடை போட்டுவிட எண்ணினேன். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் பேத்தியோ, “ஏன் நின்றது என்று பாராமலே போடலாமா தாத்தா?” என்றாள். அடுத்த தெருவில் ஓய்ந்திருந்த முதிய மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு அழைத்தோம்.

அவர் முதலிற் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அதன் முனைப் பீங்கான் வெளுத்திருந்தது. “பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் இப்படி வெளுக்கும், ஐயா. அந்தச் சூட்டில்தான் பிஸ்டன் பிடித்திருக்கிறது” என்றார். காற்று எவ்வழி மிகுந்தது? கார்ப்பரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, அவ்விரு வாய்களையும் ரப்பரால் அடைத்தோம். மேக்னெட் சக்கரத்தையும் நீக்கினோம். பிளக் துளை வழியே பம்பினால் மெல்லக் காற்றேற்றி, சக்கரத்தின் பின்னிருந்த ஆயில் சீலிற் சோப்பு நீரைத் தடவினோம். குமிழிகள் எழுந்தன! முதுமையால் விறைத்துப்போன அந்த ரப்பர் வளையத்தின் ஓரமாகவே காற்று கள்ளத்தனமாக உட்புகுந்திருக்கிறது. நோயின் முதல் அங்கிருக்க, பிஸ்டனை மட்டும் மாற்றிப் பயன் என்ன? பொருள் உணராது மனப்பாடம் செய்வித்த என் பழைய வகுப்புகள் சில நினைவிற்கு வந்தன.

சீலை மாற்றினோம். பிளாக்கை லேத்துப் பட்டறையிற் போர் செய்வித்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனை வாங்கினோம். நான் அதனை ‘உந்துதண்டு’ என்றேன். மெக்கானிக், “கடையில் அப்படிக் கேட்டால் கிடைக்காது, ஐயா” என்று நகைத்தார். புதிய ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் நேராக இட்டு, அதன் முனைகளின் இடைவெளியைப் பேத்தி அளந்தாள். இடைவெளி போதாவிடின், சூட்டில் ரிங் விரிந்து சுவரைக் கீறும். மிகுந்தால் அழுத்தம் கசியும். ரிங்கின் பள்ளத்தில் சிறியதோர் ஊசி நிற்கிறது. ரிங்கின் முனைகள் அதனைத் தழுவி நில்லாது சுழன்றால், துளையில் மாட்டி முறியும். ஒற்றெழுத்து ஒன்று பிழைத்தாற் பொருள் கெடும் என்று கற்பித்த எனக்கு, இக்கண்டிப்பு மிகவும் பிடித்தது.

இவ்வெஞ்சினைப் புகழ்வதற்கு நான் வரவில்லை. புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறும். பெட்ரோலிற் கலந்த எண்ணெயும் உடன் எரியும். ஆதலின், புதிய வண்டிகளில் நான்கு வீச்சு எஞ்சின் இதன் இடத்தைப் பற்றிக்கொண்டது முறையே. வழக்கொழிந்ததைக் கற்பானேன் என்று சிலர் வினவலாம். பிஸ்டன், அதனைத் தாங்கும் தண்டு, கிராங்க் என அசையும் உறுப்புகள் மூன்றே கொண்ட இதனினும் எளிய முதற்பாடம் வேறு எங்கே கிடைக்கும்? பயனற்று நிற்கும் எஞ்சின்கள் ஊர்தோறும் உள்ளன. பள்ளிக்கு ஒன்று கொணர்தல் அரிதன்று.

ஒன்று மட்டும் சொல்லக் கூசுகிறேன். என் மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர விரும்பினான். ‘புலவர் வீட்டுப் பிள்ளை கரி பூசிக்கொள்வதா?’ என்று தடுத்துவிட்டேன். இன்று ஓர் அலுவலகத்திற் கணக்கெழுதுகிறான். குறையொன்றும் அவன் சொன்னதில்லை.

எஞ்சினின் ஹெட்டை நாங்கள் பூட்டிய மாலையில், அவன் அலுவலகத்தினின்று வந்து சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர்ச் சட்டைக் கையை மடித்துவிட்டு, மகளிடமிருந்து ஸ்பேனரை வாங்கினான். “ஒரே பக்கமாக இறுக்காதே அம்மா, குறுக்கே மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்” என்றான். நான்காம் உதையில் எஞ்சின் ஓடிற்று. அதனை எங்கே கற்றாய் என்று நான் அவனைக் கேட்கவில்லை.